தெரியாத பாட்ட நிக்காம வாசி

எங்க பக்கத்து பிள்ளைங்களுக்கு காது ரொம்ப நல்லது, பிரச்சனையே அதுதான். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பார்டர தாண்டி பாறசாலைன்னு எங்க பேண்ட் கிளாஸ் எடுத்தாலும் இதே கததான். ஒரு பாட்ட ரெண்டு தடவ கேட்டா மூணாவது தடவ டிரம்பெட்ல வந்துரும், அங்கங்க கொஞ்சம் பிசிறு இருக்கும், ஆனா வந்துரும். அதே பையன் முன்னால நாலு பார் (தாளத்தோட ஒரு சுத்து ஒரு பார்) நோட்ஸ் எழுதின பேப்பர வச்சு வாசிலேன்னு சொன்னா பேப்பர பாக்கவே மாட்டான், என் மூஞ்சியத்தான் பாப்பான். "சாரே, ஒருக்கா வாசிச்சு காட்டுங்க, நான் பிடிச்சுக்கிடுவேன்" அப்படிம்பான்.

பிடிச்சுக்கிடுவான்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஞாயிற்றுக்கிழம சர்ச்ல கொயர், கோயில் கொடைக்கு சிங்காரிமேளம், கல்யாண வீட்டுல பேண்ட், இதெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைங்க. இந்த கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு, ஆனா சத்தத்துக்கு யாரும் செக்போஸ்ட் போடலியே, அங்க அடிக்கிற செண்ட இங்க கேக்கும், இங்க வாசிக்கிற நாதஸ்வரம் அங்க கேக்கும். அதனால ஒன்பது வயசு பிள்ளைக்கே தாளம் உடம்புல இருக்கு. கண்ணுல மட்டும்தான் இல்ல.

அப்ப எதுக்கு இந்த நோட்ஸ் படிக்கிற பாடு, கேட்டு வாசிச்சுட்டு போகட்டுமேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஒரு ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரே கேட்டார், "ஆகஸ்ட் 15, ஜனவரி 26, ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா, ரெண்டு பாட்டு போதும் சார், எதுக்கு பிள்ளைகள கஷ்டப்படுத்துறீங்க" அப்படின்னு. சொன்னா புரியாதுன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன், இப்ப இங்க சொல்றேன். காதுல கேட்டு பிடிக்கிறவங்க எல்லாருமே மெலடியத்தான் பிடிப்பாங்க. செகண்ட் டிரம்பெட் என்ன வாசிக்குது, யூபோனியம்ங்கிற கனத்த பித்தள குழல் என்ன வாசிக்குதுன்னு யாருக்கும் கேக்காது, கேட்டாலும் யாருக்கும் வாசிக்க ஆச வராது. இருபது பிள்ளைங்க சேர்ந்து ஒரே மெலடிய வாசிச்சா சத்தம் பெருசா இருக்கும், அவ்வளவுதான், பேண்டா கேக்காது. ரெண்டாவது பார்ட்னு ஒண்ணு பேப்பர்ல மட்டும்தான் இருக்கு, படிக்க தெரிஞ்சவனுக்குத்தான் அது கிடைக்கும். இன்னொண்ணு, பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க மார்ச்ல போயிருவாங்க, அவங்களோட சேர்ந்து பாட்டும் போயிரும், ஜூன்ல திரும்ப முதல்ல இருந்து ஒவ்வொரு நோட்டா ஊட்டி விடணும். கேரளா பக்கம் ஸ்கூல் கலோத்ஸவத்துல பேண்ட்மேளம் ஒரு போட்டி ஐட்டமாவே இருக்கு, நல்ல விஷயம்தான், ஆனா அங்கயும் பல மாஸ்டர்ங்க வருஷம் முழுக்க அந்த ஒரே ஐட்டத்த தேய் தேய்னு தேய்க்கிறாங்க, கப் அடிச்ச பிள்ளைக்கிட்ட புதுசா எட்டு பார் குடுத்தா முழிக்குது. போட்டிக்கு தயார் பண்றதும் இசை சொல்லிக்குடுக்கிறதும் ஒண்ணுன்னு நான் ஒத்துக்கவே மாட்டேன்.

படிக்கிறாங்களா இல்ல படிக்கிற மாதிரி நடிக்கிறாங்களான்னு கண்டுபிடிக்க ஒரு வேல பண்ணுவேன். எல்லாருக்கும் நல்லா தெரிஞ்ச ஒரு பாட்ட எழுதி, மூணாவது பார்ல மட்டும் ஒரு நோட்ட மாத்திருவேன், அப்புறம் ஆறாவது பார்ல ரெண்டு குவேவர் (அர பீட் நோட்டு) இருக்கிற இடத்துல ஒரு குரோச்செட்ட (ஒரு பீட் நோட்டு) வச்சுருவேன். ஸ்டாண்டுல வச்சு வாசிக்க சொன்னா எல்லாரும் ரொம்ப கவனமா பேப்பர பாத்துக்கிட்டே பழைய பாட்டத்தான் வாசிப்பாங்க. ஒரு தடவ கிளாரினெட்ல ஒரு பிள்ள மட்டும் தனியா இடறிச்சு, எல்லாரும் திரும்பி அவள பாத்து சிரிச்சாங்க. அவ வெளியூர்ல இருந்து அந்த வருஷம்தான் சேர்ந்தவ, அந்த பாட்டே அவளுக்கு தெரியாது, காதும் சுமார்தான். பேப்பர்ல இருந்தத சரியா வாசிச்சது அவ ஒருத்திதான். அதுல இருந்து சைட் ரீடிங்குக்கு, அதாவது புதுசா குடுத்த பேப்பர பாத்த உடனே வாசிக்கிறதுக்கு, தெரிஞ்ச பாட்டே கிடையாதுன்னு ஆக்கிட்டேன். கிளாஸ் ஆரம்பத்துல போர்டுல புதுசா நாலு பார் எழுதுவேன், அதுல ராகமும் இருக்காது அழகும் இருக்காது, ரெண்டு தடவ வாசிச்சதும் அழிச்சுருவேன். மூணாவது தடவ வாசிச்சா காது வேலைய எடுத்துக்கிடும், கண்ணு லீவு போட்டுரும். போன்ல போட்டோ எடுக்கவும் விட மாட்டேன்.

முதல்ல ரிதம், ஸ்வரம் அப்புறம். இத மாத்தி செய்ற மாஸ்டர்ங்கதான் ஜாஸ்தி, ஸ்டாஃப்ங்கிற அஞ்சு கோட்ட வரைஞ்சு கோட்டுல எது இடவெளில எதுன்னு மனப்பாடம் பண்ண வச்சு அப்புறம் டைம் சொல்லிக்குடுப்பாங்க. பிள்ளைக்கு ஒவ்வொரு நோட்டோட பேர கண்டுபிடிக்கவே ஒரு செகண்ட் ஆகும், அந்த செகண்ட்ல பீட் செத்துரும், பீட் இல்லாம வாசிக்கிறதே பழக்கமாயிரும். நான் ஒரே ஒரு கோடு போட்டு அதுல ரிதம் மட்டும் எழுதுவேன். வாத்தியம் பெட்டிக்குள்ள இருக்கும், வாயும் காலும்தான் வேல.

வாய்க்கு நம்ம ஊர் சொல்லே போதும். வெளிநாட்டுல கோடாய் முறைன்னு ஒண்ணு இருக்கு, குரோச்செட்டுக்கு டா, ரெண்டு குவேவருக்கு டி-டின்னு சொல்லுவாங்க, நல்ல முறைதான், ஆனா தாளத்த வாயால சொல்ற கொன்னக்கோலும் செண்டக்காரங்க வாய்த்தாரியும் வீட்டு வாசல்ல இருக்கிறப்ப நான் எதுக்கு ஹங்கேரி வரைக்கும் போகணும். குரோச்செட் ஒண்ணுன்னா தா, ரெண்டு குவேவர்னா தக, நாலு செமிகுவேவர்னா (கால் பீட் நோட்டு) தகதிமி, ஒரு பீட்ல மூணு நோட்டு வர்ற டிரிப்லெட்னா தகிட. இது அர மணி நேரத்துல எல்லாருக்கும் வந்துரும். அடுத்ததா ஒரு குவேவரும் ரெண்டு செமிகுவேவரும் வந்தா, தகதிமில 'க'வ மட்டும் முழுங்கு, தா-திமி. டாட் வச்ச குவேவரும் (புள்ளி வச்சா நீளம் ஒண்ணரை மடங்காகும்) செமிகுவேவரும் வந்தா நடுவுல ரெண்டையும் முழுங்கு, தா--மி. முழுங்குறதுன்னா விட்டுட்டு ஓடுறது இல்ல, உள்ளுக்குள்ள சொல்லணும். இந்த தா--மி எல்லா ஸ்கூலுக்கும் தகராறு. மார்ச் டியூன்ல அடிக்கடி வர்ற ரிதம் இது, பிள்ளைங்க சோம்பேறித்தனமா அத டிரிப்லெட் பக்கம் சாய்ச்சு தகிடல 'கி'ய முழுங்கின தா-ட மாதிரி இழுத்துருவாங்க, மார்ச் நொண்டும். முதல்ல நாலு தடவ முழு தகதிமி சொல்ல வச்சு, நிறுத்தாம உடனே தா--மிக்கு மாறுன்னு சொன்னா 'மி' அதோட இடத்துல போய் உக்காரும்.

டாட் வச்ச குரோச்செட்டும் அதே கணக்குதான், தக தக அப்படின்னு ரெண்டு பீட், அதுல முதல் 'த'வும் கடைசி 'க'வும் மட்டும் வெளிய கேக்கணும். ரெஸ்ட்டுக்கு, அதாவது வாசிக்காம சும்மா இருக்க வேண்டிய இடத்துக்கு, ஆதி தாளத்துல தட்டி வீசுற மாதிரி கைய திருப்பி வீச சொல்லுவேன், சத்தம் இல்லன்னாலும் கைக்கு வேல இருக்கிறதால யாரும் ரெஸ்ட்ட தின்னுட்டு அடுத்த நோட்டுக்கு குதிக்க மாட்டாங்க.

ஆனா கொன்னக்கோல்ல ஒரு ஓட்ட இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. அந்த சொல் எல்லாம் தோல் வாத்தியத்துக்கு பிறந்தது, எங்க அடிக்கணும்னு சொல்லும், எவ்வளவு நேரம் பிடிக்கணும்னு சொல்லாது. சைடு டிரம் அடிக்கிற பையனுக்கு அது போதும், டிரம்பெட் பையனுக்கு போதாது. மினிம்னா ரெண்டு பீட், அவன் தா-ன்னு சொல்லிட்டு ஒண்ணே கால் பீட்ல மூச்ச விட்டுட்டு சும்மா நிப்பான், நோட்டு ஆரம்பிச்ச இடம் கரெக்ட், முடிஞ்ச இடம் தப்பு. அதனால ஊதுறவங்க எல்லாரும் தா-ஆ-ன்னு அடுத்த பீட் வரைக்கும் இழுத்து சொல்லணும். மூணாவது பீட் மேல வந்து மோதி நிக்கணும் ரெண்டு பீட் நோட்டு, அதுக்கு முன்னால விழுந்துற கூடாது. டிரம் செக்‌ஷனையும் ஊதுற செக்‌ஷனையும் தனித்தனியா ரிதம் சொல்ல வச்சா இந்த வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

கால் விஷயம் ஒண்ணு. சும்மா கால தட்டுன்னு சொன்னா பாதி பிள்ளைங்க ஒவ்வொரு நோட்டுக்கும் கால தட்டுவாங்க, தகதிமி வந்தா காலும் தகதிமி போடும். அதுக்கு உக்கார வைக்கிறதே தப்பு. எழுந்து நின்னு மார்க் டைம், அதாவது நின்ன இடத்துலயே மார்ச், ஒண்ணுக்கு இடது கால். மார்ச் பண்ணி பழகின கால் பொய் சொல்லாது. பரேட்ல நிமிஷத்துக்கு 120 அடி, படிக்கிறப்ப நான் அத பாதியாக்கி 60ல வச்சுக்குவேன், போன்ல மெட்ரோனோம் ஆப் இருக்கு, ஆனா பாஸ் டிரம் பையன் ஒருத்தன ஒவ்வொரு பாரோட ஒண்ணுக்கு மட்டும் அடிக்க விடுறதுதான் எனக்கு பிடிக்கும். ஏன்னா எவனாவது வழி தவறினா அந்த அடிய கேட்டு திரும்ப வந்து சேர்ந்துக்கலாம்.

சைட் ரீடிங்ல பாதி வித்த வழி தவறினப்புறம் திரும்ப வந்து ஏறிக்கிறதுதான், சரியா வாசிக்கிறது மிச்ச பாதி. நம்ம பிள்ளைங்க தப்பு வந்தா நிறுத்தி, பின்னால போயி, அந்த நோட்ட திருத்திட்டு அப்புறம் தொடருவாங்க, வீட்டுல தனியா பிராக்டீஸ் பண்றப்ப அது சரி, பேண்டுல அதுக்குள்ள மத்தவன் ரெண்டு பார் போயிருப்பான். அதனால என் கிளாஸ்ல ஒரே சட்டம், நோட்டு தப்பலாம், நிக்கக் கூடாது. முதல் ரவுண்டு எல்லாரும் ஒரே நோட்டுலயே முழு லைனையும் ஊதலாம், ரிதம் மட்டும் சரியா இருந்தா போதும். அப்புறம் வேணும்னே நடுவுல "பார் அஞ்சு"ன்னு கத்துவேன், எங்க இருந்தாலும் அடுத்த ஒண்ணுக்கு அஞ்சாவது பார்ல இருக்கணும். முதல்ல சந்தக்கட மாதிரி இருக்கும், ரெண்டு மூணு வாரத்துல கண்ணு தாவ கத்துக்கிடும்.

இன்னொரு சின்ன சித்திரவத, தினசரி காலண்டர் அட்ட ஒண்ண வச்சுக்கிட்டு பின்னால நின்னு, அவங்க வாசிக்க ஆரம்பிச்ச பாரயே மறைச்சுருவேன். "சாரே, மறைக்காண்டாம்" அப்படின்னு கூப்பாடு. வாசிக்கிற பார பாத்துக்கிட்டே வாசிக்கிறவன் எப்பவுமே லேட், ஒரு பார் முன்னால கண்ணு போயிருக்கணும், அத வாயால சொன்னா எவனும் கேக்க மாட்டான், அட்ட சொன்னா கேப்பான்.

ஒவ்வொரு நோட்டா எழுத்துக்கூட்டி வாசிக்கிற பழக்கமும் போகணும், கூட்டமா ஒரு உருவமா பாக்கணும். களியக்காவிள ஸ்டாண்டுல நிக்கிற பிள்ளைங்கள பாருங்க, பாதி பேருக்கு மலையாள எழுத்து ஒண்ணு கூட தெரியாது, ஆனா கேரளா பஸ் வந்தா போர்டு பாத்தே இது நெய்யாற்றின்கர வண்டி, இது திருவனந்தபுரம் வண்டின்னு ஓடி ஏறும், மொத்த போர்டும் ஒரு உருவமா கண்ணுல பதிஞ்சிருக்கு. தா-திமி, தா--மி, மூணு நோட்டு வரிசையா ஏறுறது, ஒரு நோட்டு விட்டு ஒரு நோட்டு தாவுறது, இதெல்லாம் அப்படி உருவமா பதியுற வரைக்கும் போர்டுல வேற வேற இடத்துல வச்சு வச்சு காட்டணும்.

6/8, அதாவது மூணு மூணா ரெண்டு பீட் வர்ற தாளம், சொல்லிக்குடுக்க நான் பயந்ததே இல்ல. புஸ்தகத்துல அது பின்னால எங்கயோ வரும், கஷ்டமான பாடம்னு எல்லாரும் தள்ளி வைப்பாங்க. தமிழ்த்தாய் வாழ்த்த 2021ல மாநிலப் பாடலா அறிவிச்சப்ப அரசாணைலயே போட்டிருந்தாங்க, மோகன ராகம், திஸ்ர நட, 55 விநாடி. தினமும் பிரேயர்ல நின்னு மூணு மூணா பாடுற பிள்ளைக்கு தகிட தகிட புதுசா என்ன. பார்டர் தாண்டுனா அந்த வசதி இல்ல, ஆனா அங்க பஞ்சாரி மேளம் இருக்கு. அஞ்சு காலம், அதாவது அஞ்சு கட்டம், முதல் காலத்துக்கு 96 அட்சரம், அப்புறம் 48, 24, 12, கடைசில 6. செண்ட படிக்கிற பையன் ஒருத்தன் கிளாஸ்ல இருந்தா மினிம், குரோச்செட், குவேவர் எல்லாம் பாதி பாதியா குறையுற கணக்க அவனே மத்தவங்களுக்கு சொல்லிருவான்.

எங்க ஊர்ல ரெண்டு மழையும் உண்டு, ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து வடகிழக்கு. பேண்ட் ரூம்னு குடுக்கிறது பெரும்பாலும் ஷீட் போட்ட ஷெட்தான், மழ பெஞ்சா டிரம்பெட்டே கேக்காது. முன்னெல்லாம் அந்த நேரம் கதையளந்தே போயிரும். இப்ப அதுதான் எனக்கு பிடிச்ச கிளாஸ். போர்டுல எட்டு பார் எழுதிருவேன், நாலு கவுண்டு விரல்ல காட்டுவேன், எல்லாரும் மார்க் டைம்ல வாய திறக்காம உள்ளுக்குள்ளயே படிக்கணும், எட்டாவது பாரோட கடைசி நோட்டுக்கு மட்டும் கை தட்டணும். முதல் தடவ கைதட்டு பொரி பொரியுற மாதிரி சிதறும், ஒருத்தன் ரெண்டு பார் முன்னாலயே தட்டிட்டு நாக்க கடிப்பான். ரெஸ்ட்ட தின்னவன் யாரு, டாட்ட மறந்தவன் யாருன்னு வரிசையா பாத்துட்டே வரலாம், சீக்கிரம் தட்டினவன் முழுங்கிருக்கான், லேட்டா தட்டினவன் நடுவுல நின்னு யோசிச்சிருக்கான். நாலஞ்சு தடவ போனதும் ஒரே ஒரு தட்டு விழும் பாருங்க, அந்த மழ சத்தத்துக்கு மேல டப்புன்னு கேக்கும், அதுக்கு அவங்களே ஓன்னு கத்துவாங்க, பக்கத்து கிளாஸ் டீச்சர் ஜன்னல் வழியா முறைப்பாங்க.

ஸ்வரத்துக்கு வந்தா எனக்கு உதவியா இருந்தது சோல்ஃபா. இங்க பல சர்ச்ல வயசான கொயர்காரங்க இன்னும் ஸ்டாஃப் தெரியாம சோல்ஃபா மட்டும் பாத்து நாலு பார்ட்ட பாடுவாங்க, டோ ரே மி எழுத்துதான், பீட்டுக்கு நடுவுல ரெட்டப்புள்ளி, பலமான பீட்டுக்கு முன்னால நேர் கோடு, அர பீட்டுக்கு ஒரு புள்ளி, இழுக்கணும்னா சின்ன கோடு. இங்கிலாந்துல சாரா குளோவர்னு ஒரு டீச்சரம்மா குழந்தைகளுக்கு பாட சொல்லிக்குடுக்க செஞ்ச முறைய ஜான் கர்வென் எடுத்து 19ம் நூற்றாண்டுல பரப்புனார். இதுல டோ எந்த ஸ்ருதிலயும் நிக்கலாம், நம்ம ஸட்ஜம் மாதிரி. அதனால பி ஃபிளாட் டிரம்பெட் சமாச்சாரத்த விளக்குறது லேசாயிருது. டிரம்பெட்ல சி-ங்கிற ஸ்வரத்த வாசிச்சா வெளிய வர்றது பி ஃபிளாட், ஆல்ட்டோ சாக்ஸ்ல சி வாசிச்சா ஈ ஃபிளாட். இது தெரியாம கீபோர்டு பேப்பர அப்படியே டிரம்பெட் பையனுக்கு குடுத்துட்டு, ஒரு சுரம் இறங்கி கேக்குதே, பையனுக்கு காது சரியில்லன்னு திட்டுற ஆளுங்கள பாத்திருக்கேன். பையன் சரியாத்தான் வாசிச்சான், பேப்பர்தான் அவனுக்கானது இல்ல.

அதே மாதிரி இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) பேண்ட்காரங்ககிட்ட இருந்து எடுத்துக்க வேண்டிய ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. அவங்களோட பிரிட்டிஷ் பிராஸ் பேண்ட் வழக்கத்துல கார்னெட்ல இருந்து பெரிய பாஸ் வரைக்கும், பாஸ் டிராம்போன் ஒண்ண தவிர, எல்லா பித்தள வாத்தியத்துக்கும் டிரெபிள் கிளெஃப்லயே (எந்த கோட்டுல எந்த ஸ்வரம்னு காட்டுற குறி கிளெஃப்) எழுதுவாங்க. ஸ்கூல்ல இது எவ்வளவு பெரிய வசதின்னு கேளுங்க. யூபோனியம் பையன் டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு போயிட்டான்னா டிரம்பெட் பையன் ஒருத்தன அங்க உக்கார வச்சா போதும், அதே படிப்பு, அதே விரல், மவுத்பீஸ் பழகுறது மட்டும்தான் வேல. பாஸ் கிளெஃப்ல பார்ட் எழுதி குடுத்தா அவன் படிப்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கடைசியா, வாசிக்கிறதுக்கு முன்னால இருக்கிற அர நிமிஷம். ஏபிஆர்எஸ்எம்னு இங்கிலாந்துகாரங்க நடத்துற இசை பிராக்டிகல் பரிட்சைல 150 மார்க்குல சைட் ரீடிங்குக்கு 21, வாசிக்க முன்னால அர நிமிஷம் பாக்க விடுவாங்க, வேணும்னா வாசிச்சும் பாத்துக்கலாம். நம்ம பிள்ளைங்க அந்த அர நிமிஷத்துல முதல் பார மட்டும் அழகா மூணு தடவ வாசிச்சு பாப்பாங்க. முதல் பார்ல எவனும் விழ மாட்டான்லே, கண்ணுக்கு கருப்பா நெருக்கமா தெரியுற இடம் எது, அங்க போய் வாயால ரிதம் சொல்லி பாரு, அந்த பார எந்த வேகத்துல வாசிக்க முடியுமோ அதே வேகத்துல முதல் பார ஆரம்பி, வரி ஆரம்பத்துல ஷார்ப் ஃபிளாட் போட்டிருக்கிற கீ சிக்னேச்சர் பாரு, நடுவுல ஷார்ப் ஃபிளாட் எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு பாரு, அவ்வளவுதான். மெதுவா ஆரம்பிக்க ஒருத்தனுக்கும் மனசு வராது, "மெதுவா வாசிச்சா எல்லாரும் சிரிப்பாவ சாரே" அப்படின்னு ஒருத்தன் சொன்னான். வேகமா ஆரம்பிச்சு ஆறாவது பார்ல கவுந்தா அத விட ஜாஸ்தி சிரிப்பாவ மக்ளேன்னேன். இப்ப கிளாஸ்ல அர நிமிஷம் முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லணும்னு வச்சிருக்கேன், உனக்கு எந்த பார் கஷ்டம்னு. ஒண்ணுமே கஷ்டம் இல்லன்னு சொல்றவனத்தான் முதல்ல தனியா வாசிக்க விடுவேன்.